சாடி மாற்றிய தக்காளிக் கன்றில் காணும் அறிகுறிகளும் அவற்றைத் தீர்க்கும் முறைகளும்

யோகட் கோப்பையில் முளைத்து நான்கு இலை விட்ட தக்காளிக் கன்றைப் பெரிய சாடிக்கு மாற்றிய மறுநாள் நண்பகலில் அது தலை சாய்ந்து நிற்பதைக் கண்டவுடன், கொழும்பின் மாடிவீடுகளில் செடி வளர்ப்போரிற் பெரும்பாலோர் செய்யும் முதற் காரியம் இன்னொரு கோப்பைத் தண்ணீரை ஊற்றுவதுதான். அந்தத் தண்ணீரே பல கன்றுகளை முடித்துவிடுகிறது. இலை தாகத்தால் வாடியதா, மூச்சுவிட முடியாத வேரால் வாடியதா, தண்டினுள் புகுந்த நோயால் வாடியதா என்பதை நண்பகலில் எவராலும் சொல்ல முடியாது; மூன்றும் அப்போது ஒரே தோற்றத்தையே தரும். ஆகவே கீழே வரும் எந்த அறிகுறியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்னர், காலை ஆறு மணியளவில், வெயில் சாடியிற் படுமுன், கன்றை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இரவு முழுவதும் வேர் உறிஞ்சிய நீர் இலைக்கு ஏறி முடிந்திருக்கும் வேளை அது. அப்போது காணும் நிலையே கன்றின் உண்மையான நிலை. அதன்பின் விரலை இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணில் விட்டு ஈரம் பார்த்து, சாடியை ஒரு பக்கம் தூக்கிப் பாரமும் பார்த்த பிறகே தண்ணீர் வாளியைத் தொடலாம்.

பகலில் வாடுகிறது, விடியலில் நிமிர்ந்து நிற்கிறது

இது நோயன்று. சாடி மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்வேர்கள் அறுந்துவிடுகின்றன. இலைகள் இழக்கும் நீரை எஞ்சிய வேர்களால் ஈடுசெய்ய முடியாததால் பகல் வெப்பத்தில் இலை தொங்குகிறது, இரவில் கணக்கு நேராகிறது. மூன்று அல்லது நான்கு நாள் நேரடி வெயில் படாத, ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில் வைத்தாற் போதும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கடலோர மாடிகளில் வெயிலைவிடக் காற்றே இலையை அதிகம் உலர்த்துகிறது. ஆகவே நிழலோடு காற்று மறைப்பும் தேவை. ஒரு பழைய சாரத்தைப் பல்கனிக் கம்பியிற் கட்டிவிட்டாலே பெரும் வித்தியாசம் தெரியும்.

ஐந்தாம் நாளும் இதே நிலை நீடித்தால் வேர்க்கட்டியை ஐயுற வேண்டும். நடுமுன் கோப்பையில் காய்ந்திருந்த வேர்க்கட்டி, புதிய கலவை ஈரமாக இருந்தாலும், நீரை உள்ளே விடாது. சுற்றிலும் ஈரமும் நடுவில் வறட்சியுமாகக் கன்று தவிக்கும். தண்டை ஒட்டிய இடத்தில் ஈர்க்கைக் குத்திப் பார்த்தால் அது உலர்ந்தே வெளிவரும். அவ்வாறாயின் தண்டுக்கு அருகில், அரை லீற்றர் நீரைப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவையாகப் பிரித்து மெல்ல ஊற்ற வேண்டும். கோப்பையில் உள்ள கன்றுக்கு, சாடி மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னர் நீர் ஊற்றிவிட்டால் இந்தச் சிக்கல் எழவே எழாது. மாலை வேளையில் மாற்றுவதும், கன்றைத் தண்டிற் பிடிக்காமல் இலையிற் பிடித்துத் தூக்குவதும் அவ்வாறே பயன் தருவன. இலை ஒன்று கிழிந்தால் இன்னொன்று வரும். தண்டு நசுங்கினால் கன்று அவ்வளவுதான்.

மண் ஈரமாக இருந்தும் விடியலிலும் வாடியே நிற்கிறது

அதிகக் கவனத்துக்குரிய அறிகுறி இதுவே. இதற்குக் காரணம் இரண்டு. ஒன்றைத் தீர்க்கலாம், மற்றதைத் தீர்க்க முடியாது. இரண்டையும் பிரித்தறியாமல் எதையும் செய்யக்கூடாது.

முதலாவது, நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுவது. இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்திருக்கும், கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும், சாடி கல்லாய்க் கனக்கும், மண்ணை முகர்ந்தால் சேற்று வாடை வீசும். கன்றை மெல்ல வெளியே எடுத்துப் பார்த்தால் வேர்நுனிகள் வெண்மை இழந்து பழுப்பாகி, விரலால் இழுத்தால் மேற்றோல் உரிந்து வரும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கொழும்பில் பிற்பகல் தோறும் பெய்யும் இடிமழைக்குப் பின் இது மிகப் பொதுவானது. சாடிக்கு அடியில் உள்ள தட்டை அன்றே அகற்ற வேண்டும். சாடியை இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றிவைக்க வேண்டும். பெயின்ற் வாளியைச் சாடியாக்கியிருந்தால் அடியில் மட்டுமன்றி அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்தில் பக்கச் சுவரிலும் ஆறு துவாரங்கள் இட வேண்டும், ஏனெனில் சீமெந்துத் தளத்தில் ஒட்டி நிற்கும் வாளியின் அடித்துவாரங்கள் பெரும்பாலும் அடைபட்டே இருக்கும்.

வடிகாலுக்காக அடியில் சல்லிக்கல் போடும் பழக்கம் நம்மவரிடம் வேரூன்றிவிட்டது. அது உதவுவதில்லை, கெடுதலே செய்கிறது. நுண்ணிய கலவையிலிருந்து நீர் பெரிய இடைவெளிகள் கொண்ட கல் அடுக்கினுள் எளிதில் இறங்குவதில்லை. கல்லுக்கு மேலேயே தொங்கி நின்றுவிடுகிறது. வாளியின் அடியில் இருந்திருக்க வேண்டிய ஈரப்படை கல்லின் உயரத்துக்கு ஏறி வேருக்கு இன்னும் கிட்ட வந்துவிடுகிறது. கல்லை எடுத்துவிட்டு, அடிவரைக்கும் ஒரே கலவையை நிரப்புவதே சரி.

இரண்டாவது காரணம் பற்றீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா என்ற மண்வாழ் பற்றீரியா வேர்க்காயங்கள் வழியே புகுந்து தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த தாழ்நாட்டு ஈரவலயம் அதற்கு உகந்த இடம். சாடி மாற்றும்போது ஏற்படும் வேர்க்காயம் அதற்குத் திறந்த வாசல். இந்நோயில் இலைகள் மஞ்சளாவதற்கு முன்னரே, பச்சையாக இருக்கும்போதே, வெந்நீர் பட்ட கீரை போலத் தொங்கிவிடும். முதல் நாள் மாலை நன்றாக நின்ற கன்று இரண்டு மூன்று நாளில் முற்றாகச் சாய்ந்துவிடும்.

சோதனை எளியது. ஐயத்துக்குரிய கன்றின் அடித்தண்டில் இரண்டு மூன்று அங்குல நீளத் துண்டை வெட்டி, தெளிந்த நீர் நிரப்பிய கண்ணாடிக் குவளையில், வெட்டுமுனை நீருக்குள் சற்றே அமிழும்படி தொங்கவிட்டு, அசைக்காமல் ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். வெட்டிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழைகள் புகைபோல் கீழிறங்கினால் நோய் உறுதி. குவளைக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

உறுதியானால் மருந்து தேட வேண்டாம். வீட்டுத்தோட்டக்காரருக்குப் பயன்படும் மருந்து எதுவும் இதற்கு இல்லை. கன்றையும் கலவை முழுவதையும் பையிற் கட்டி அகற்ற வேண்டும். அந்தக் கலவையை மிளகாய்ச் சாடிக்கோ கத்தரிச் சாடிக்கோ மாற்றுவது நோயைப் பரிமாறுவதாகும், ஏனெனில் அவையும் அதே குடும்பத்தவை. வாளியைக் கழுவி, ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, மீண்டும் கழுவி வெயிலிற் காயவிட வேண்டும். கத்திக்கும் கைக்கும் அவ்விதமே சுத்தம் வேண்டும். எனது முதல் வருடத்துக் கன்றுகள் பதினொன்றில் எட்டு இந்நோயால் போயின. உறவினர் வீட்டுக் கத்தரிப் பாத்தியிலிருந்து 'நல்ல மண்' என்று ஒரு சாக்கில் ஆசையோடு கட்டி எடுத்துவந்த மண்தான் காரணம் என்பதை அடுத்த வருடம் அந்த மண்ணைச் சேர்க்காமல் நட்டபோதே உணர்ந்தேன். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வளர்ந்த நிலத்து மண்ணைச் சாடிக்கு எடுப்பதில்லை என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

இலையில் வெண்மையான, கடதாசி போன்ற திட்டுகள்

வெயில் சுட்டது. நிழலில் முளைத்த கன்றைச் சாடி மாற்றிய கையோடு திறந்த மாடியில் வைத்தால் இரண்டே நாளில் இவ்வாறாகும். திட்டு விழுந்த இலை மீளாது. ஆனால் குருத்து பச்சையாக இருந்தால் கன்று பிழைக்கும். சுட்ட இலையை உடனே கிள்ளாமல், புதிய இலை இரண்டு விரியும்வரை விட்டுவைக்கலாம். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்குவதே முறை.

இங்கே கொழும்பு வாசிகள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. நாம் ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களில் நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், செப்டெம்பர் முதல் மார்ச் வரை தெற்கே சாய்ந்து நிற்கும். எனவே டிசெம்பரில் நல்ல வெயில் பெற்ற தெற்குப் பல்கனி ஜூனில் நிழலாகிவிடுகிறது, வடக்குப் பல்கனிக்கோ நேர்மாறு. 'சென்றமுறை இதே இடத்தில் நன்றாக வந்ததே' என்று குழம்புவோர் முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும். மேற்குப் பல்கனிக்கு ஆண்டு முழுவதும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் வரும் வெயில் கடுமையானது. அங்கு புதிய கன்றுக்கு நிழல்வலை கட்டாயம். கறுப்புப் பிளாத்திக்குச் சாடியின் மேற்குப் பக்கத்தை வெள்ளைத் துணியால் மூடுவதும் நல்லது, ஏனெனில் சுவரை ஒட்டி ஓடும் வேர்கள் அந்தச் சூட்டில் வெந்துபோகும்.

இலை விளிம்பு பழுப்பாகிக் கருகுகிறது

நுனியிலிருந்தும் விளிம்பிலிருந்தும் உள்நோக்கிக் கருகினால் உப்பை நினைக்க வேண்டும். கொழும்பில் சாடிக்கலவையின் பெரும்பகுதி தும்புத்தூள்தான்; தென்னை மட்டை கரையோரத்து உவர்நீரில் ஊறியிருந்தால் அதன் தூளிலும் உப்பு இருக்கும். 5 கிலோ கட்டி ஒன்றை நீரில் ஊறவைத்து, பிழிந்து, மீண்டும் ஊறவைத்து, வடியும் நீரின் தேநீர் நிறம் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை கழுவிய பிறகே கலக்க வேண்டும். கட்டியின் உறையில் 'கழுவப்பட்டது' என்று எழுதியிருந்தாலும் நான் ஒருமுறை கழுவியே சேர்ப்பேன். நீருக்குச் செலவாவது சில ரூபாய், கன்றுக்குச் செலவானது ஒரு மாதம்.

நட்டபின் கருகல் கண்டால், சாடியின் கொள்ளளவைப் போல் இருமடங்கு நீரை மெல்ல ஊற்றி அடியால் ஓடவிட்டு, பின்னர் மேல் இரண்டு அங்குலம் உலரும்வரை நீரை நிறுத்த வேண்டும். துவாரம் சரியாக உள்ள சாடியில் மட்டுமே இதைச் செய்யலாம். மாற்றிய முதல் பத்து நாளில் இட்ட யூரியாவும், நன்கு மக்காத கோழியெருவும் இதே கருகலைத் தரும். கூட்டெருவைப் பையைத் திறந்து முகரும்போது மூக்கில் அமோனியா நெடி ஏறினாலோ, உள்ளே கைவிட்டால் சூடு தெரிந்தாலோ, அது இன்னும் வேலை முடிக்காத எரு. அதை ஒரு மாதம் ஒதுக்கிவைக்க வேண்டும்.

தண்டின் அடியில் மாற்றம்

மண்மட்டத்தில் தண்டு நூல்போல் மெலிந்து, பழுப்பாகி, கன்று மடிந்து விழுந்தால் அது நாற்றழுகல். காப்பாற்ற இயலாது, பக்கத்துக் கன்றுகளுக்கு நீரைக் குறைத்துக் காற்றோட்டம் தர வேண்டும். அடித்தண்டில் வெண்மையான சிறு பருக்கள் வரிசையாகத் தோன்றினால் அஞ்ச வேண்டாம், அவை முளைக்கக் காத்திருக்கும் வேர்கள். தண்டு ஒரே இரவில் கூராக வெட்டப்பட்டு இலையோடு காணாமற் போயிருந்தால், மழைநாளாயின், கைவிளக்கோடு இரவு ஒன்பது மணிக்குப் போய் ஆபிரிக்க நத்தையைத் தேடுங்கள்.

கன்று நெடிதாய் வளர்ந்து நிற்க முடியாமல் சாய்கிறது

ஒளி குறைந்த சமையலறை யன்னலில் முளைத்த கன்று இவ்வாறு நீளும். தக்காளிக்கு இதற்கு ஒரு தனி வசதி உண்டு: மண்ணுள் புதையும் தண்டு முழுவதும் வேர் விடும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி ஆழமாக நடலாம். ஆயினும் மழைமாதத்தில் இருபது லீற்றர் வாளியின் ஈர அடிப்பகுதிவரை வேர்க்கட்டியை இறக்குவது அறிவாகாது. அப்போது மேற்பகுதியில் சிறு பள்ளம் செய்து, தண்டைச் சரிவாகப் படுக்கவைத்து மூடி, நுனியை மட்டும் மேலே விட்டால் இரண்டு நாளில் அது தானாக நிமிர்ந்துகொள்ளும். ஒட்டுக் கன்றாக இருந்தால் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். கத்தரி வேரின் மீது ஒட்டப்பட்ட தக்காளியைப் புதைத்தால் ஒட்டியதன் பயனே போய்விடும். அடித்தண்டு மெலிந்த கன்றையும் புதைக்கக் கூடாது, அழுகலை மண்ணோடு கட்டிவைப்பதாகும்.

மூன்று கிழமையாகியும் வளர்ச்சி இல்லை

பெரும்பாலும் சாடியின் அளவே காரணம். 80 மில்லிலீற்றர் யோகட் கோப்பையிலிருந்து நேரே 20 லீற்றர் வாளிக்குப் போன சிறு கன்றால் அவ்வளவு கலவையின் ஈரத்தையும் உறிஞ்ச முடியாது. உலராத கலவையில் வேர் நகராமல் நிற்கும். கோப்பையிலிருந்து ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் டப்பாவுக்கும், அங்கு மூன்று நான்கு கிழமை வளர்ந்தபின் 15 முதல் 20 லீற்றர் சாடிக்கும் மாற்றுவது கொழும்பின் ஈரப்பதனுக்குப் பொருந்தும் வழி. மாற்றும் நேரத்தைத் தேதியைப் பார்த்து முடிவுசெய்யாமல் வேரைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்: கோப்பையைக் கவிழ்த்தால் மண் உதிர்ந்தால் இன்னும் நாளாகும், வெள்ளை வேர்கள் மண்ணைப் பிடித்து முழுக்கட்டியாக வந்தால் அதுவே தருணம், பழுப்பு வேர்கள் வட்டமாகச் சுற்றிக் கூடாகியிருந்தால் பிந்திவிட்டது. பிந்திய கன்றின் கட்டியில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் கத்தியால் மெல்லக் கீறிவிட்டு நட வேண்டும். கீறாமல் நட்டால் வேர் பெரிய சாடியிலும் பழைய கோப்பையின் வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வளர்ச்சி நின்றதோடு இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருந்தால் பொசுபரசு ஏறவில்லை என்று பொருள். குளிர்நாட்டு வழிகாட்டிகள் இதற்குக் குளிரைக் காரணமாகச் சொல்லும். கொழும்பில் அந்தக் குளிர் ஏது? இங்கு நீர் தேங்கிய அல்லது நெருக்குண்ட வேரால் அதை எடுக்க முடிவதில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. பசளை இடுவதைவிட வடிகாலைச் சரிசெய்வது முந்தியது. கீழிருந்து மேலாக இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் நைதரசன் குறைவு: மக்காத எருவை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் கன்றின் பங்கையும் எடுத்துக்கொள்கின்றன. நீரில் கரைத்து ஊற்றும் பசளையான அல்பேர்ட் கரைசலை உறையிற் குறித்த அளவில் பாதியாகக் கரைத்து கிழமைக்கு ஒருமுறை ஊற்றலாம். முளைத்தபோது வந்த இரு வித்திலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்வது இயல்பு.

தேத்தண்ணீர்ச் சக்கையும் அரிசி கழுவிய நீரும் பக்கத்து வீட்டு அன்ரிமார் அன்போடு சொல்லும் மருந்துகள். சக்கை மக்கிய பின் நல்ல எரு. நேரே போட்டால் பூஞ்சணம் கட்டும், சீனி கலந்திருந்தால் எறும்பு வரும். அரிசி நீர் நாள்தோறும் விழும் சாடியில் சிறு கறுப்பு ஈக்கள் குடியேறி, அவற்றின் புழுக்கள் நுண்வேரைத் தின்னும். முட்டை ஓடு கரையப் பல மாதமாகும். இந்தப் பருவத்துக் கன்றுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

இலை சுருள்கிறது

கீழ் இலைகள் மேல்நோக்கிக் குழலாகச் சுருண்டு, தடித்து, ஆனால் பச்சையாகவே இருந்தால் வெப்பத்துக்கும் காற்றுக்கும் கன்று தன்னைச் சுருக்கிக்கொண்டது. ஒன்றும் செய்ய வேண்டாம். குருத்து இலைகள் சிறுத்து, விளிம்பு மஞ்சளாகி, கிண்ணம் போல் மேலே வளைந்து, செடியைத் தட்டினால் வெண் ஈக்கள் பறந்தால் மஞ்சள் இலைச்சுருள் வைரசை ஐயுற வேண்டும். அதற்கு மருந்தில்லை, ஈக்கள் மற்றக் கன்றுகளுக்குப் போகுமுன் செடியைப் பையால் மூடி, அடியோடு அகற்ற வேண்டும். எஞ்சிய கன்றுகளின் இலை அடியில் சவர்க்கார நீரை மாலையில் தெளித்து, மஞ்சள் நிற ஒட்டுப்பொறி ஒன்றைத் தொங்கவிடலாம். எந்த வகையைச் சேர்ந்த சுருளல் என்று தீர்மானிக்க முடியாதவர்கள், விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்தை அழைத்துக் கேட்கலாம்.

மாற்றியவுடன் பூ உதிர்கிறது

டப்பாவிலேயே பூத்த கன்றின் முதற் பூங்கொத்தைச் சாடி மாற்றும்போதே கிள்ளிவிடுவது நல்லது. வேர் பிடிக்கும் முன் காய்க்கு உணவு போவதைத் தடுக்கலாம். வேர் நன்கு பிடித்த பின்னரும் பூ உதிர்ந்தால் இரவு வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். இரவு 24 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்காதபோது மகரந்தம் வலுவிழந்து பூ காய்பிடிக்காமல் விழும். ஏப்ரல், மே மாதக் கொழும்பு இரவுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. நவம்பரில் மழைபடாத இடத்தில் விதைத்து, டிசெம்பரில் டப்பாவுக்கும் ஜனவரித் தொடக்கத்தில் வாளிக்கும் மாற்றிய கன்றுக்கே மழை குறைந்த பெப்ரவரியின் சற்றுக் குளிர்ந்த இரவுகளில் பூக்க வாய்ப்புக் கிடைக்கும்.